பிரபு, எந்தப் புத்தகம் வாங்குவது என்று கேட்டாயே

பிரபு தம்பிக்கு,

சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், புரோகிராமிங் புத்தகம் எது வாங்கட்டும் அக்கா என்று கேட்டு ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தாய். அதில் பாதிப் புத்தகங்களின் தலைப்பிலேயே வெர்ஷன் நம்பர் இருக்கிறது. அதெல்லாம் வேண்டாம், அடுத்த வெர்ஷன் வந்தால் பழசாகிவிடும், டாக்குமென்டேஷனில் இலவசமாகவே கிடைக்கிறது. காசு கொடுப்பதாக இருந்தால், எந்த மொழிக்கு மாறினாலும் கூடவே வருகிற விஷயத்துக்குக் கொடு.

முதலில் 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்'. ஆண்ட்ரூ ஹன்ட்டும் டேவிட் தாமஸும் 1999-இல் எழுதியது. 2019-இல் நிறையத் திருத்தி மறுபதிப்பு வந்தது, அதையே வாங்கு. ஏன் இது முதலில் என்றால், நீ பால் சொசைட்டிக்கு எழுதிக் கொடுத்த புரோகிராமைத் திறந்து பார்த்தேன். தமிழ் ரசீதுக்கு ஒரு ஃபைல், மலையாள ரசீதுக்கு ஒரு ஃபைல்; கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இரண்டும் இல்லாமல் முடியாது, சரி. ஆனால் பாலின் கொழுப்பைப் பார்த்து விலை போடுகிற கணக்கும் இரண்டிலும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது, மாத ரிப்போர்ட்டில் மூன்றாவது தடவை வேறு. விலை கூடியபோது தமிழில் மட்டும் மாற்றினாய், மலையாள ரசீது வாங்கினவர்களுக்குப் பழைய விலையே விழுந்து வாசலில் சண்டை வந்தது.

இந்தப் புத்தகம் சொல்கிற 'ட்ரை' (DRY, அதாவது 'Don't Repeat Yourself', ஒன்றையே திரும்பச் சொல்லாதே) கொள்கையை நீ யூடியூபில் கேட்டிருப்பாய். ஒரே மாதிரி வரிகளைக் கண்டால் ஒன்றாக்கிவிடு என்றுதான் பலரும் அதைப் புரிந்துவைத்திருக்கிறார்கள். மறுபதிப்பில் ஆசிரியர்களே இதைச் சரிசெய்கிறார்கள்: ஒரு விதி ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உன் புரோகிராமில் லிட்டரை ரவுண்ட் பண்ணும் ஃபங்ஷனும் ரூபாயை ரவுண்ட் பண்ணும் ஃபங்ஷனும் அச்சு அசலாக ஒன்று. ஆனாலும் அவற்றைச் சேர்த்துவிடாதே. நாளைக்குக் கமிட்டி பைசா வேண்டாம், முழு ரூபாயாகப் போடு என்றால் பாலும் முழு லிட்டராகிவிடும், அப்புறம் இன்னொரு சண்டை.

அடுத்து ஜான் ஔஸ்டர்ஹவுட்டின் 'எ ஃபிலாசஃபி ஆஃப் சாஃப்ட்வேர் டிசைன்', 2018. சின்னப் புத்தகம். யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஃபைலைத் திற, படி, எழுது, இடம் மாறு, மூடு என்று ஐந்தே அழைப்புகள், டிஸ்க் சமாச்சாரம் முழுவதும் அதற்குள்ளே ஒளிந்திருக்கிறது என்று அவர் காட்டுகிற இடம் ஒன்று போதும். கூப்பிடுவது சுலபம், சிக்கல் எல்லாம் உள்ளே. நீ எழுதின ரசீது ஃபங்ஷனைக் கூப்பிட எத்தனை விவரம் கொடுக்க வேண்டியிருக்கிறது, எண்ணிப் பார்.

ஃப்ரெட் புரூக்ஸின் 'தி மித்திக்கல் மேன்-மந்த்' 1975-இல் வந்தது, ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் செய்யும்போது பட்ட பாட்டிலிருந்து எழுதியது. மெஷின் பற்றிய பகுதிகள் பழசு, தாண்டிப் போ. தாமதமாகிவிட்ட வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்கிற பகுதியை மட்டும் நிதானமாகப் படி. ஐந்து பேர் ஒருவரோடொருவர் பேச 10 ஜோடி, பத்துப் பேரானால் 45. சரவணம்பட்டி ஆபீசில் கெடு தாண்டிய வேலைக்கு நாலு பேரைப் புதிதாகப் போடுகிறார்கள் என்றாயே, அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? நீதான், உன் வேலையை நிறுத்திவிட்டு.

'கோட் கம்ப்ளீட்' என்கிற புத்தகம் கிட்டத்தட்ட தொள்ளாயிரம் பக்கம், இப்போதைக்கு வேண்டாம்.

புரூக்ஸ் என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வேலந்தாவளம் வழியாகத்தானே வருவாய், வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள். பிராக்மாட்டிக்கை மட்டும் ஆர்டர் போடு. லேப்டாப்பைக் கொண்டுவா, அந்த விலைக் கணக்கை அன்றைக்கே ஒரே இடத்துக்கு மாற்றிவிடலாம்.

அக்கா