முரளியின் முழங்கையும் நமது பாடசாலைப் பந்துவீச்சாளர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

முத்தையா முரளிதரனைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன. கண்டியில் பிறந்தார், 800 விக்கெட் எடுத்தார், அவுஸ்திரேலிய நடுவர்கள் வஞ்சித்தார்கள், பிறகு ஐ.சி.சி. (சர்வதேச கிரிக்கெட் பேரவை) முழங்கையை நீட்டிப் பந்தை எறியக் கூடாது என்ற விதியை அவருக்காகத் தளர்த்தியது. தங்கள் விளையாட்டுப் பக்கமும் இதற்கு விலக்கல்ல. இதில் கடைசியாகச் சொல்லப்படுவது பாதிதான் உண்மை. அந்தப் பாதியை நம்பி, கையை மடக்கி வீசினாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகளைக் கொழும்பு மைதானங்களில் தாராளமாகக் காணலாம்.

முரளியின் வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. ஆனால் கை வளைந்திருக்கிறதா என்பது விதிக்கு ஒரு பொருட்டே இல்லை. மேற்கை (தோளிலிருந்து முழங்கை வரையுள்ள பகுதி) தோள் மட்டத்துக்கு வரும் கணத்தில் முழங்கை எவ்வளவு மடிந்திருந்தது, பந்து விரலை விட்டுப் பிரியும்போது எவ்வளவு நீண்டிருந்தது, இரண்டுக்கும் வித்தியாசம் எத்தனை பாகை என்றுதான் அது பார்க்கிறது. வளைந்த கை வளைந்தபடியே சுற்றி வந்தால் குற்றமில்லை.

பிறகு ஏன் எறிவதுபோலத் தெரிந்தது? ஒரு கம்பித் துண்டை நடுவில் சற்று வளைத்து வெயிலில் பிடித்து, விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். நிலத்தில் விழும் நிழல் ஒரு நேரம் வளைந்தும் ஒரு நேரம் நேராகவும் தெரியும். கம்பியோ வளைந்தபடியே இருக்கும். முரளியின் தோள் சுழலும் வேகத்தில், ஓரிடத்தில் நின்று பார்ப்பவருக்கும் தொலைக்காட்சிக்கும் கிடைத்தது அந்த நிழல்தான்.

1995 மெல்பேர்ன் டெஸ்டில் நடுவர் டரல் ஹெயார் பந்துவீச்சு முனையில் நின்றுகொண்டே, முரளி எறிகிறார் என்று ஏழு தடவை நோ போல் (முறையற்ற பந்து) கொடுத்தார். எறிபந்தை வழமையாகக் கவனிப்பது ஸ்கொயார் லெக் நடுவர். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளியை மறுமுனைக்கு மாற்றியபோது, அங்கே நின்ற ஸ்டீவ் டன் அதே பந்துவீச்சில் குறையொன்றும் காணவில்லை. அடுத்த மாதம் பிரிஸ்பேனில் நடுவர் ரொஸ் எமர்சன் இன்னும் ஒருபடி மேலே போய், முரளி மணிக்கட்டைச் சுழற்றி வீசிய லெக் பிரேக்குக்கும் நோ போல் கொடுத்தார். அந்தப் பந்தை எறிவது எவ்வளவு கடினம் என்று வீசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதன் பின்னர்தான் விவகாரம் ஆய்வுகூடத்துக்குப் போனது. மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் 1996இல் பரிசோதித்து, கை நீளவில்லை, அது கண்ணின் மயக்கமே என்று முடிவு சொன்னார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய இடங்களில் ஒளியைத் திருப்பிவிடும் சிறு குண்டுகளை ஒட்டி, சுற்றிலும் அதிவேகக் கமராக்களை நிறுத்தி, முப்பரிமாணத்தில் அளப்பதுதான் இன்றைய ஐ.சி.சி. பரிசோதனை. 

2004இல் வந்த பிரச்சினை வேறு. இங்கு நடந்த அவுஸ்திரேலியத் தொடரின் முடிவில் போட்டி மத்தியஸ்தர் கிறிஸ் புரோட் புகார் செய்தது தூஸ்ராவைப் பற்றி, அதாவது ஓஃப் ஸ்பின் போலவே வந்து எதிர்ப்பக்கம் திரும்பும் பந்தைப் பற்றி மட்டுமே. அளந்தபோது அந்தப் பந்துக்கு முழங்கை ஏறத்தாழ 14 பாகை நீண்டது. திருத்தப் பயிற்சிக்குப் பிறகு 10 பாகையளவுக்கு இறங்கியது. அப்போதைய எல்லை சுழற்பந்துக்கு 5, மிதவேகத்துக்கு 7.5, வேகத்துக்கு 10 பாகை. ஆகவே தூஸ்ரா எல்லை மீறியது உண்மை. அதை மறைத்து எழுத வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.

ஆனால் ஐ.சி.சி. மற்றவர்களின் கைகளையும் படம்பிடித்து அளந்தபோது, சுத்தமானது என்று புகழப்பட்ட வேகப்பந்து வீச்சாளர்கள் சிலரின் முழங்கையும் 10 பாகைக்கு மேல் நீள்வது தெரியவந்தது. ஏறத்தாழ எல்லோருமே கொஞ்சமாவது நீட்டுகிறார்கள். பழைய எல்லையை வைத்துக்கொண்டால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். 15 பாகையளவில்தான் வெறுங்கண்ணுக்கு எறிவதாகத் தெரியத் தொடங்குகிறது என்பதால், 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் 15 என்று வைத்தார்கள். முரளியை முன்பு கடுமையாக விமர்சித்த முன்னாள் மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர் மைக்கல் ஹோல்டிங்கும் அதைப் பரிந்துரைத்த குழுவில் இருந்தார். தரவைப் பார்த்த பின் தன் கருத்தை மாற்றிக்கொண்டவர் அவர்.

இத்தனை சர்ச்சைக்கு நடுவில் முரளியின் மணிக்கட்டைப் பற்றி எழுதுவோர் குறைவு. வழமையான ஓஃப் ஸ்பின்னர் சுட்டுவிரலால் பந்தைத் திருப்புவார். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகம் வீசிக்கொண்டிருந்த பையனைப் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ 14 வயதில் சுழலுக்கு மாற்றியபோது கிடைத்தது மணிக்கட்டால் திருப்பும் ஓஃப் ஸ்பின்னர். பின்னர் கொழும்பு வந்து தமிழ் யூனியன் கழகத்துக்கு ஆடினார். 1992 ஓகஸ்டில் கொழும்பு கெத்தாராம மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான தன் முதல் டெஸ்டிலேயே, ஓஃப் ஸ்டம்புக்கு வெகு வெளியே குத்திய பந்தில் டொம் மூடியின் லெக் ஸ்டம்பை எடுத்தார்.

அவ்வளவு திரும்புவதில் ஒரு வில்லங்கமும் உண்டு. ஓவர் த விக்கெட்டில் (வீசும் கை ஸ்டம்புப் பக்கம் இருக்க) வீசினால், காலில் படும் பந்து லெக் ஸ்டம்பைத் தாண்டிப் போய்விடும், எல்.பி.டபிள்யூ. கிடைக்காது. ஆகவே அவர் ஸ்டம்பின் மறுபக்கமாக, ரவுண்ட் த விக்கெட் போகத் தொடங்கினார். அங்கிருந்து வரும் பந்து நேர்க்கோட்டில் குத்தி, திரும்பியும் ஸ்டம்புக்குள்ளேயே நிற்கும். கூடவே, எதிர்ப்பக்கம் திரும்பும் தூஸ்ராவுக்கு ஸ்லிப்பில் மஹேல ஜயவர்தன காத்திருப்பார். மஹேல பிடித்து முரளிக்குக் கிடைத்த டெஸ்ட் விக்கெட்டுகள் 77. காலியில் 2010 ஜூலையில் 800ஆவதாக ஆட்டமிழந்த இந்திய வீரர் பிரக்யான் ஓஜாவும் மஹேலவிடம் பிடிகொடுத்துத்தான் போனார். 133 டெஸ்டுகளில் 44,039 பந்துகள் வீசிய தோள் அது. 

இனி நமது பிள்ளைகள். கை முழுதாக நீளக்கூடிய ஒரு பையன், முரளியைப் பார்த்து முழங்கையை மடித்துக்கொண்டு வீசினால், பந்தை விடும் கணத்தில் அது தானாக நீளும். அவனிடம் முரளியின் மணிக்கட்டும் இல்லை, தோளின் வேகமும் இல்லை. குறையும் விசையை முழங்கைதான் ஈடுசெய்யும். வேகமான பந்து முயலும்போதும், களைத்துப்போன கடைசி ஓவர்களிலும் இது கூடும். முன்கால் தவறாக ஊன்றி, நெஞ்சு நேரத்துக்கு முன்பே திறந்து தோள் நின்றுபோனாலும் இதே கதைதான். தூஸ்ராவைப் பதினாறு வயதுக்கு முன் பழக்கவே கூடாது என்பது எங்கள் அபிப்பிராயம். புறங்கை துடுப்பாட்டக்காரரைப் பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்பும்போது, தோள் போதுமானளவு சுழலாவிட்டால் முழங்கை உதவிக்கு வரும்.

பார்ப்பதற்குப் பெரிய செலவில்லை. முழுக்கைச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கையில்லாத பெனியனோடு வீசச் சொல்லுங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டுங்கள். கைத்தொலைபேசியின் ஸ்லோ மோஷனில் முன்னிருந்தும், பின்னிருந்தும், பக்கவாட்டிலும் படமெடுங்கள். ஒரே கோணம் மேலே சொன்ன நிழலைத்தான் காட்டும். ஒவ்வொரு வகைப் பந்துக்கும் தனியாக எடுக்க வேண்டும். தொலைபேசி பாகைக் கணக்குச் சொல்லாது. ஆனால் மூன்று கோணத்திலும் முழங்கை வெடுக்கென நீண்டால், அந்தப் பந்தை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

பிந்தினால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தூரத்தில் இல்லை. இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் சசித்ர சேனாநாயக்க 2014இல் தடைசெய்யப்பட்டு, பந்துவீச்சைத் திருத்தி அதே ஆண்டு டிசம்பரில் அனுமதி பெற்றார். இன்னொரு இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் அகில தனஞ்சய 2018 டிசம்பரில் தடைபட்டு, 2019 பெப்ரவரியில் மீண்டு, அதே ஆண்டு மறுபடியும் பரிசோதனையில் தவறி, 12 மாதம் வீச முடியாமல் போனார். வளர்ந்த பின் கைப்பழக்கத்தை மாற்றுவது அவ்வளவு சிரமம்.

அடுத்த முறை முரளியைப் பற்றிக் கட்டுரை போடும்போது, கண்ணை விரித்த அந்த முகத்தின் படத்தோடு, மேற்கை தோள் மட்டத்தில் இருக்கும் கணத்தையும் பந்து பிரியும் கணத்தையும் அருகருகே வைத்து ஒரு கோட்டுப்படம் போடுங்கள். அரைப் பக்கம் போதும். வெட்டி எடுத்துப் பாடசாலைப் பயிற்சி வலையில் ஒட்டிவைக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பாடசாலைக் கிரிக்கெட் பயிற்றுவிப்பாளர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.