சுக்கினியைத் திட்டாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். தட்டு நிறையத் தண்ணீர், அதில் பாஸ்தாவுக்குப் பதிலாக நீ சீவிப்போட்ட சுக்கினிக் காயின் பச்சை இழைகள், ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும் தக்காளி சாஸ். கூடவே ஒரு வரி: "பேலியோல இத்தாலி சாப்பாடெல்லாம் நடக்காத காரியம்க்கா, விட்டுட்டேன்." கற்கால மனிதரைப் போலத் தானியமும் பருப்பும் பாலும் சர்க்கரையும் தள்ளிவைக்கிற பேலியோ முறைக்கு மாறிய நீ இப்படிச் சொன்னதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. போனில் பேசினால் பாதி சொல்லி பாதியை மறந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

பாஸ்தாவுக்குத்தான் ஏங்குகிறோம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வெறும் வெந்த பாஸ்தாவை ஒரு வாய் சாப்பிடுவதாக நினைத்துப் பார். மாவும் உப்பும் தவிர அதில் என்ன இருக்கிறது? உன் நாக்கு தேடுவது அதன்மேல் கிடந்த ரகூவை. மூன்று மணி நேரம் சிறு தீயில் கிடந்து வீட்டையே மணக்க வைக்குமே, அந்தக் கறியை. அதைக் கைவிட உனக்கு ஒரு காரணமும் இல்லை.

1982 அக்டோபர் 17 அன்று இத்தாலிய சமையல் அகாடமி, போலோன்யா நகரின் வர்த்தக சபையில் ரகூவின் செய்முறையை முறைப்படி பதிவு செய்தது. அதில் என்ன இருக்கிறது தெரியுமா? மாட்டிறைச்சி, பன்றியின் வயிற்றுப்பகுதி இறைச்சியில் செய்யும் பான்செட்டா, கேரட், செலரி, வெங்காயம், தக்காளி, ஒயின், பால். பாலை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் நீ சாப்பிடுவதுதான். ஒயினைப் பேலியோவில் சிலர் சேர்ப்பார்கள், சிலர் விடுவார்கள். விட்டால் நல்ல எலும்பு சூப்பும் கடைசியில் சில துளி ஒயின் வினிகரும் போதும். இன்னொன்றையும் கவனி. 300 கிராம் இறைச்சிக்குத் தக்காளி சாஸ் வெறும் 5 கரண்டி. நாமெல்லாம் தக்காளியை அரை பானை ஊற்றிவிட்டு ரகூ என்கிறோம்.

வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் தலா 50 கிராம் எடுத்துப் பொடியாக நறுக்கி, பான்செட்டா உருகிய கொழுப்பில் நிதானமாக வதக்கு. இத்தாலியர்கள் இதை சொஃப்ரித்தோ என்பார்கள். அப்புறம் கொத்துக்கறியைப் போட்டு, பாத்திரம் முழுக்கப் பரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில். முதலில் கறி தண்ணீர் விடும், 'கொதகொத' என்று சத்தம் கேட்கும். தண்ணீர் வற்றியதும் அதே சத்தம் 'சடசட' என்று மாறும். அது மாறுகிறவரை ஒயினையோ தக்காளியையோ பக்கத்தில் கொண்டுபோகாதே. கறி சிவக்க ஆரம்பிப்பது அந்த நிமிடத்தில்தான், ரகூவின் ருசியில் பாதி அங்கேதான் பிறக்கிறது. பாலுக்குப் பதிலாகத் திக்கான தேங்காய்ப்பால் இரண்டு மேசைக்கரண்டி, கடைசி அரை மணி நேரத்தில். தக்காளியின் புளிப்பு அடங்கும். மூன்றாவது கரண்டி போனால் தேங்காய் வாசனை தூக்கலாகிவிடும், பார்த்துக்கொள்.

சரி, இப்போது உன் தண்ணீர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். பாஸ்தா வெந்த தண்ணீரில் மாவுச்சத்து கரைந்திருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து சாஸில் விட்டுக் கிளறும்போது எண்ணெயும் நீரும் பிரியாமல் ஒன்றாகி, சாஸ் பளபளவென்று இழையைப் பிடித்துக்கொள்கிறது. சுக்கினியில் அப்படி மாவுச்சத்து கிடையாது. அதன் எடையில் 100-க்குக் கிட்டத்தட்ட 95 பங்கு தண்ணீர். நீ அதைக் கொதிநீரில் வேறு போட்டு எடுத்திருக்கிறாய். சுக்கினியை வேகவைக்கவே கூடாது. இழைகளில் உப்பைத் தூவி வடிகட்டியில் அரை மணி நேரம் வை. சுத்தமான துணியில் கட்டி, கைக்கு வலிக்கிற அளவு பிழி. அகலமான பாத்திரத்தை நன்றாகக் காயவைத்து, ஒரே நிமிடம் புரட்டி எடு. ரகூவையும் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுண்டவை. கரண்டியால் ஒதுக்கினால் பாத்திரத்தின் அடி தெரிய வேண்டும். இரண்டும் தட்டில்தான் சந்திக்க வேண்டும், அடுப்பில் வேண்டாம்.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் எல்லோரும் வந்திருந்த ஒரு நாளில் பச்சை சுக்கினியைத் தகடு தகடாகச் சீவி லசான்யா அடுக்கினேன். பாஸ்தாத் தகடுகளுக்கு நடுவே ரகூவும் வெள்ளை சாஸும் அடுக்கி வேகவைக்கிற பண்டம் அது. வெட்டியதும் தட்டில் தண்ணீர் ஓடியது. யாரும் குறை சொல்லவில்லை, பேசாமல் சாப்பிட்டார்கள். அந்தப் பேசாமைதான் எனக்கு வலித்தது. அன்றிலிருந்து லசான்யாவுக்குக் கத்தரிக்காய்தான். பெரிய கத்தரிக்காயை நீளவாக்கில் ஒரு செண்டிமீட்டர் கனத்துக்கு வெட்டி, ஆலிவ் எண்ணெய் தடவி, 220 டிகிரி ஓவனில் ஓரங்கள் கருஞ்சிவப்பாகும்வரை வாட்டு. அது தண்ணீரை ஓவனிலேயே விட்டுவிட்டு வரும்.

மேலே ஊற்றும் வெள்ளை சாஸுக்குக் காலிஃபிளவரை நன்றாக வேகவைத்து, வடித்து, ஊறவைத்த முந்திரியும் ஒரு பல் பூண்டும் சேர்த்து வழவழவென்று அரைத்துக்கொள். ஜாதிக்காயைத் துருவிப் போட மறந்துவிடாதே. போலோன்யா லசான்யாவின் பெஷமெல் என்ற வெள்ளை சாஸில் பால், வெண்ணெய், மாவோடு ஜாதிக்காயும் உண்டு. அந்த வாசனை வந்துவிட்டால் மூக்கு பாலைத் தேடாது. என் பிள்ளைகள் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது இதைத்தான். ஓவனிலிருந்து எடுத்து 20 நிமிடம் ஆறவிட்டு வெட்டு, அடுக்கு குலையாது.

சீஸ் இல்லாத குறைக்கும் இத்தாலியிலேயே வழி இருக்கிறது. தெற்கு இத்தாலியின் ஏழை வீடுகளில் சீஸ் வாங்க முடியாதபோது, ரொட்டித் தூளை எண்ணெயில் சிவக்க வறுத்து பாஸ்தாமேல் தூவினார்கள். நாம் ரொட்டிக்குப் பதில் கொரகொரப்பாகப் பொடித்த பாதாமை எடுத்துக்கொள்ளலாம். உப்பில் ஊறிய நெத்திலி இரண்டை எண்ணெயில் கரைத்து, பூண்டோடு பாதாமை வறுத்துப் பார். மீன் வாடையே தெரியாது, சீஸில் இருக்கிற அந்த ஆழமான ருசி மட்டும் வரும்.

பீட்சாவுக்கும் அப்படித்தான். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் நேப்பிள்ஸ் பீட்சாவுக்குப் பாரம்பரியச் சான்று கொடுத்தது. அதில் இடம்பெற்ற மரினாரா வகைப் பீட்சாவில் சீஸே கிடையாது: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். கோதுமை இல்லாத நம் பீட்சா அடிக்கு 200 கிராம் பாதாம் மாவு, 60 கிராம் மரவள்ளி ஸ்டார்ச், இரண்டு முட்டை, ஒரு கரண்டி எண்ணெய், உப்பு. பிசைந்து மெலிதாகத் தட்டி, வெறுமனே 12 நிமிடம் வேகவிட்டு, பிறகுதான் தக்காளி. கோதுமையின் இழுவை இதில் வராது. அதை எதிர்பார்க்காமல் சாப்பிட்டால் மொறுமொறுவென்று நன்றாக இருக்கும்.

அரிசியைக் குழைய வேகவைக்கும் ரிசோட்டோவுக்கு, அரிசிக்குப் பதிலாகப் போடும் காலிஃபிளவரில் மூன்றில் ஒரு பங்கை அரைத்துக் கலந்தால் ஓரளவு குழைவு வரும். கார்பனாராவை மட்டும் தொடாதே. முட்டையும் சீஸும் பாஸ்தாவின் மாவுத்தண்ணீரும் சேர்ந்து நிற்கிற உணவு அது. சீஸையும் மாவையும் எடுத்தால் திரிந்த முட்டைதான் மிஞ்சும். நான்கு முறை முயன்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக, எதையும் மாற்றாமலே பேலியோவாக இருக்கும் பண்டங்களைச் செய். கோழியைத் தக்காளி, ஆலிவ் காய், ரோஸ்மேரியோடு வேகவைக்கும் கச்சாத்தோரா இருக்கிறது. வேட்டைக்காரர் பாணி என்று பொருள். பெப்போசோ என்று ஒன்று உண்டு. ஃபிளாரன்ஸ் பக்கத்தில் இம்ப்ருனெத்தா என்ற ஊரின் செங்கல் சூளைத் தொழிலாளர்கள் சமைத்தது. மாட்டிறைச்சி, பூண்டு, சிவப்பு ஒயின், கைநிறைய மிளகு. சூளை வாயிலேயே வைத்துவிட்டு வேலை பார்ப்பார்களாம்.

உன் நண்பன் கேட்டானே, கற்கால மனிதன் தக்காளியைக் கண்டானா என்று. காணவில்லைதான். 16-ஆம் நூற்றாண்டில்தான் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கே வந்தது. நாம் கற்காலத்தை நடித்துக் காட்டவில்லை. தானியமும் பருப்பும் பாலும் சர்க்கரையும் இல்லாமல், மனசு நிறையச் சாப்பிடப் பார்க்கிறோம். உனக்கு அது ஒத்துக்கொள்கிறது என்று நீதானே சொன்னாய்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வேறு எதுவும் வேண்டாம், ரகூ மட்டும் வை. ஒரு கிலோ கறியாகவே போடு, பாதியை ஃப்ரீசரில் வைக்கலாம். மறுநாள் காலையில் மிச்சத்தைச் சின்ன வாணலியில் சூடாக்கி, நடுவில் குழி பறித்து இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி மூடிவை. வெள்ளை இறுகியதும், மஞ்சள் இளகியிருக்கும்போதே இறக்கிவிடு. 'சடசட' சத்தம் வந்ததும் எனக்குப் போன் போடு, எந்த நேரமானாலும் சரி.

அன்புடன்,
அக்கா