பெரியம்மாவின் வாயசைவு பல்செட்டால் வந்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

என் பெரியம்மாவுக்கு 71 வயது. மனச்சிதைவு நோய்க்கு முப்பது வருடத்துக்கு மேலாக மருந்து எடுக்கிறார். முதலில் ஹலோபெரிடோல் குளிசை, பிறகு மாதம் ஒருமுறை இடுப்பில் ஊசி. அந்த மருந்தால்தான் காதில் கேட்ட குரல்கள் அடங்கின, சமையல், கோயில் என்று வீட்டு மனுசியாக இருக்கிறார். அதை மறந்து இதை எழுதவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் வாய் சப்பத் தொடங்கினார். நாக்கு வெளியே வந்து வந்து போகும். பத்திரகாளி அம்மன் கோயிலில் பக்கத்தில் நின்ற பெண்கள், "ஐயோ பாவம், எந்த நேரமும் மந்திரம் சொல்லுறா" என்றார்கள். நாங்களோ பல்செட் இளகிவிட்டதென்று காசு கொடுத்துப் புதிதாகக் கட்டினோம். இரண்டு கிழமைகூட வாயில் நிற்கவில்லை, நாக்கே தள்ளிவிட்டது. கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. "நித்திரை எப்படி? சாப்பாடு?" ஊசி. வீடு. அங்கே நிற்கும் சனத்துக்கு அதற்குமேல் நேரம் ஏது?

கடைசியில் வேறொரு வைத்தியர்தான் வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தார், பெருவிரலால் மற்ற விரல்களைத் தட்டச் சொன்னார். 'டார்டைவ் டிஸ்கைனீசியா' என்றார், அதாவது வாயும் நாக்கும் தன்னையறியாமல் அசைவது. மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற இரசாயனத்தைத் தடுக்கும் மருந்துகளை நெடுநாள் எடுப்பதால் வருவது. பழைய வகை மருந்தில் இளையவர்களுக்கு வருடத்துக்கு நூற்றுக்கு 5 பேரளவில் வரும், முதியவர்களுக்கு முதல் வருடத்திலேயே 25ஐத் தொடலாமாம்.

என்னைச் சுட்டது வேறு. கை நடுக்கத்துக்கென்று கொடுத்த பென்செக்சோல் நடுக்கத்தைக் குறைக்கும், ஆனால் இந்த வாயசைவைக் கூட்டிவிடலாம். வயதானவர்களுக்கு மறதியும் மலச்சிக்கலும் தரும். கறிக்கு இரண்டுதரம் உப்புப் போட்டாரென்று நான் அவரை எத்தனை நாள் ஏசியிருப்பேன்!

இப்போது மருந்தை மெல்ல மாற்றுகிறார்கள். வாய் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, முழுதாக இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயமல்ல. இப்படியான அசைவுகளைப் பார்த்துப் புள்ளி போடும் 'எய்ம்ஸ்' (AIMS) என்ற சோதனைத்தாள் 1976 முதல் இருக்கிறது. மெஷின் தேவையில்லை, ஒரு கதிரையும் பத்து நிமிடமும் போதும். திருகோணமலையிலும் மூதூர், கிண்ணியாப் பக்கத்திலும் அறுபது தாண்டியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருதரமாவது அதைச் செய்து கிளினிக் கொப்பியில் எழுதட்டும்.

வீட்டுக்காரருக்கும் ஒன்று: பயந்துபோய் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், நோய் திரும்பிவிடும், திடீரென நிறுத்தினால் அசைவும் கூடலாம். வாயசைவை ஃபோனில் எடுத்துக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.