மகளைப் பற்றிக் கேட்டிருந்தாயே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்ததில் சந்தோஷம். எனக்கு ஓய்வுபெறும் வரை வகுப்பும் வார்டும்தான், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மகள் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு போனதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை, 'படிக்கணும்ப்பா' என்று போனை வைத்துவிடுகிறாள் என்று எழுதியிருந்தாய். படிப்பு அதிகம்தான். ஆனால் அதோடு விட்டுவிடாதே. 43 நாடுகளில் மருத்துவ மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 27.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. எனக்கு உறுத்தியது இன்னொரு எண்: அவர்களில் மனநல சிகிச்சைக்குப் போனவர்கள் 15.7 சதவீதம்தான்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே கிடக்கிற பிள்ளைகள் ஏன் போவதில்லை? அங்கே மனநலப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் நாளைக்கு இவர்களுக்கே வைவா, அதாவது வாய்மொழித் தேர்வில், கேள்வி கேட்பார். வாசலில் நின்றால் கூடப் படிப்பவன் பார்த்துவிடுவான். போன மாதம் ஒரு மாணவி, நோயாளியிடம் பிஎச்க்யூ-9 என்ற, மனச்சோர்வை அளக்கிற ஒன்பது கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டு, மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டு, 'பத்தைத் தாண்டுது சார்' என்றாள். எல்லோரும் போன பிறகு திரும்பி வந்து, 'எனக்குப் போட்டா இதைவிட அதிகம் வரும்' என்றாள். வெளியே ஒரு மருத்துவரிடம் அனுப்பினேன். இப்போது பரவாயில்லை.

நிர்வாகம் யோகா வகுப்பு வைத்திருக்கிறது. அதற்கும் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார்கள், கேட்டால் சிரிப்பாய்! மதிப்பெண் போடுகிறவரே ஆறுதலும் சொல்ல வந்தால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? மருத்துவர்களுக்கான ஜெனீவா உறுதிமொழி 1948-ல் வந்தது. தன் நலனையும் கவனித்துக்கொள்வேன் என்ற வரி அதில் 2017-ல்தான் ஏறியது. நம் தொழிலின் புத்தி அவ்வளவுதான்.

அவளிடம் மார்க் கேட்காதே. தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாளா, முன்பு பிடித்ததெல்லாம் இப்போதும் பிடிக்கிறதா என்று கேள். இரண்டு வாரமாக இப்படியே இருக்கிறாள் என்றால் மருத்துவரிடம் கூட்டிப் போ. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அன்றைக்கே கிளம்பு, நீ போய்ச் சேரும்வரை தோழி யாராவது கூட இருக்கட்டும். அப்புறம், பார்க்க ஆள் வேண்டுமென்றால் எனக்குப் போன் செய். அவள் கல்லூரிக்குச் சம்பந்தமில்லாதவராகப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்