சிறு படகுக்கும் ஒரு பாய் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டுப்படகு மீனவர்களின் எரிபொருள் செலவு குறித்துத் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. டீசல் விலை லிட்டருக்கு 90 ரூபாயைத் தாண்டிய பிறகு, மானியத்தை உயர்த்த வேண்டும் என்று அவர்கள் கேட்பது முற்றிலும் நியாயமானது. ஆனால், எஞ்சின் வருவதற்கு முன்பு இந்தக் கடற்கரையில் படகுகளை ஓட்டிய பாயைப் பற்றி யாரும் ஒரு வரிகூடப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தமாக இருப்பதால், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நான் தேவகோட்டையில் லாரிகளுக்கும் பந்தல்களுக்கும் தார்ப்பாய் தைப்பவன். கடல் என் தொழில் அன்று. செட்டிநாட்டில் கடல் இல்லைதான் என்றாலும், நீராவிக் கப்பல் வருவதற்கு முன்பு இலங்கைக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன நகரத்தார் பாய்க்கப்பலில்தான் போனார்கள்; கிழக்கே பஸ் ஏறினால் இன்றும் தொண்டியில்தான் போய் இறங்குகிறோம். அங்கே வத்தை என்னும் சிறு நாட்டுப்படகு வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் படகில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் எஞ்சின் நின்றுபோயிற்று. காற்றோ கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிறது. நங்கூரம் பிடித்ததால் இரவு முழுவதும் அலையில் கிடந்தவரை, மறுநாள் காலையில்தான் வேறொரு படகு இழுத்து வந்தது. நங்கூரம் பிடிக்காமல் போயிருந்தால், 1974-இல் வரையப்பட்ட எல்லைக் கோட்டை நோக்கி அவர் போய்க்கொண்டே இருந்திருப்பார். அப்படிப் போனவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரைக்கு வந்த சில நாள்களில் அவர் என் கடைக்கு வந்து, "இவ்வளவு துணி தைக்கிறீர்களே, என் படகுக்கு ஒரு பாய் தைத்துத் தரக்கூடாதா?" என்று கேட்டார்.

முதலில் தைத்தது பயன்படவில்லை. காசில்லாமல் கிடைக்கிறதே என்று பழைய பிளெக்ஸ் பேனர்களை ஒட்டித் தைத்தோம். அது கனம் அதிகம்; மூலைவாட்டில் இழுபட்டுக் கோணிப்போனது; மடித்த இடமெல்லாம் வெயிலில் வெடித்தது. இரண்டாவது பாயை, நெய்த பாலித்தீன் தார்ப்பாயில், 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) கனத்தில், 9 அடிக்கு 7 அடியாகத் தைத்தேன். 18 அடி வத்தைக்கு அந்த அளவுக்கு மேல் வைப்பது, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நல்லதன்று. பருத்தி நூல் உப்பிலும் வெயிலிலும் இற்றுவிடும் என்பதால் பாலியெஸ்டர் நூலையே பயன்படுத்தினேன். விளிம்பை மடித்துத் தைத்து உள்ளே கயிறு ஓட்டினேன். அது நைலானாக இருந்தால் இழுபடும். நான்கு மூலைகளிலும் லாரி நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துத் தைத்துப் பித்தளை வளையம் அடித்தேன்.

தையல் தெரிந்தவர்களும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. லாரித் தார்ப்பாயில் துணி தொய்யாமல் இருப்பதுதான் வேலைக்கு அழகு. பாயிலோ துணி அளவோடு தொய்ந்து, நீரை ஏந்தும் உள்ளங்கைபோல லேசாகக் குழிய வேண்டும். பாய்மரத்தை ஒட்டிய 7 அடி விளிம்பை நேர்க்கோடாக வெட்டினால் பாய் பலகைபோல நிற்கும். பின்காற்றில் தள்ளுமே தவிர, காற்று பக்கவாட்டில் வரும்போது படகை முன்னே சரியாக இழுக்காது. அந்த விளிம்பை நடுவில் இரண்டரை அங்குலம் வெளியே வளைத்து வெட்டி, நேரான மரத்தில் கட்டும்போது, மிச்சத் துணி உள்ளே போய்த் தேவையான குழிவைத் தானாகவே தந்துவிடுகிறது. இதை நான் மூன்று முறை பிரித்துத் தைத்துத்தான் கற்றேன்.

மரம் 10 அடி மூங்கில். முன்புறக் குறுக்குப் பலகையில் துளையிட்டு நிறுத்தி, அடியில் குழியிட்ட கட்டை ஒன்றை வைத்தோம். பாயின் வெளிப்புற மேல் மூலையை மூலைவிட்டமாக ஒரு சவுக்குக் கழி தாங்குகிறது. கப்பி இல்லை, பாயைக் குறுக்கே தாங்கும் பருமல் இல்லை. கழியை உருவினால் பாய் சட்டென்று சரிந்துவிடும், ஒருவரே சுருட்டி மரத்தோடு படகில் கிடத்திவிடலாம். மூங்கிலும் கயிறும் சேர்த்து மொத்தச் செலவு 3,000 ரூபாய்க்குள் அடங்கிற்று.

ஆனால் பாய் மட்டும் போதாது. அடி தட்டையான ஃபைபர் படகு, பக்கக் காற்றில் முன்னே போவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போயிற்று. கச்சானில் எஞ்சின் நின்றால், பின்காற்றில் மட்டும் ஓடும் பாய் நம்மை இன்னும் வேகமாகக் கடலுக்குள்தான் கொண்டு போகும். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், பழைய படகுகளில் காற்று வராத பக்கமாக நீரில் ஒரு பலகை இறக்குவார்கள் என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு வழி தெரிந்தது. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பிளைவுட் பலகையைக் கயிற்றில் தொங்கவிட்டு, பாதி நீரில் இருக்குமாறு இறக்கினோம். வழுக்கல் பெருமளவு நின்றது. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பலகை தரையில் தட்டினால் கயிற்றோடு மேலே எழும்பிக்கொள்ளும். இப்போது தென்மேற்குக் கச்சானைக் குறுக்கே வாங்கி வடமேற்காகப் பிடித்தால், புறப்பட்ட ஊருக்கே வராவிட்டாலும் அதற்கு வடக்கே ஏதாவதொரு கரையை அடைந்துவிடலாம். மாசி, பங்குனியில் இன்னும் எளிது. விடியுமுன் கரைக்காற்றில் போய், பிற்பகல் கடற்காற்றில் திரும்பிவிடலாம்.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். ஆகவே பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை ஒருபோதும் படகில் கட்டிவிடக் கூடாது. கையில் பிடித்திருந்து, காற்று அடித்துத் தூக்கும்போது விட்டுவிட வேண்டும். உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் பழகவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை வாடையில் இந்தப் பாயை நம்பி யாரும் கடலுக்குப் போகக் கூடாது. எஞ்சினுக்கு மாற்றாக இதை நான் சொல்லவில்லை. நங்கூரமும் துடுப்பும் போலப் படகில் எப்போதும் சுருட்டி வைத்திருக்க வேண்டிய பொருள் என்றே சொல்கிறேன்.

மீன்வளத் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன; நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை. கடல் நெரிசலின்றி இருக்கும் அந்த நாள்களில், தொண்டி, தேவிபட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற ஊர்களில் இளைஞர்களுக்குப் பாய் கட்டவும் இறக்கவும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் அந்தந்த ஊரிலேயே இருக்கிறார்கள். பாய் பிடித்து ஓட்டிய அவர்களுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, அவர்களுக்குரிய மதிப்பூதியத்தை அளித்து அழைக்க வேண்டும்.

பாயின் வெட்டு வடிவத்தை முழு அளவில் சிமென்ட் பைக் காகிதத்தில் வரைந்து கடையில் வைத்திருக்கிறேன். யார் வந்து கேட்டாலும் படி எடுத்துக்கொள்ளத் தருவேன். தைக்கத் தெரியாதவர்களுக்குத் துணி விலைக்கே தைத்தும் தருவேன்.

இப்படிக்கு,
தார்ப்பாய்த் தையல் தொழிலாளி ஒருவர்,
தேவகோட்டை.