காங்கேசன்துறைக்குச் சரக்குக் கப்பலும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காங்கேசன்துறைத் துறைமுகம் என்றால் இப்போது எல்லோருக்கும் நாகபட்டினப் பயணிகள் கப்பல்தான் ஞாபகம் வருகிறது. 2023 ஒக்டோபரில் தொடங்கிய சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் திரும்பவும் வந்த சேவை அது. நான்கு மணித்தியாலத்தில் அக்கரை போய்விடலாம், நல்லது. வாடைக்காற்று தொடங்கினால் கப்பல் நின்றுவிடுகிறது, அது வேறு கதை. ஆனால் வடக்குக்குப் பெரிய பயன் சரக்கில்தான் இருக்கிறது.

2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 பாதை மூடப்பட்ட பிறகு குடாநாட்டுக்கு அரிசியும் மாவும் சீனியும் எப்படி வந்தன? திருகோணமலையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கப்பலில்தான். காங்கேசன்துறையிலும் பருத்தித்துறையிலும் இறக்கினார்கள். போர்க்காலத்தில் முடிந்தது இப்போது முடியாதா? இன்று கொழும்பில் இறங்கும் பொருள் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் லொறியில் வருகிறது. அந்தக் கூலியையும் சேர்த்துத்தான் நாங்கள் கடையில் காசு கொடுக்கிறோம். நாகபட்டினமோ கடல்வழியே 60 கடல்மைல்தான்.

துறைமுகத்தைப் புனரமைக்க 61.5 மில்லியன் டொலர் நன்கொடை தருவதாக இந்தியா 2024இல் அறிவித்தது. அந்தப் பணத்தில் முதல் வேலை அலைதடுப்பு அணையும் ஆழப்படுத்தலும் இறங்குதுறையுமாக இருக்கவேண்டும். பயணிகள் முனையம் 2023 ஜூனிலேயே திறந்தாயிற்று. அதற்கு இன்னொரு தடவை மாபிள் பதிக்கத் தேவையில்லை. களஞ்சியம், சுங்கம், தாவரத் தடுப்புக்காப்புப் பரிசோதனை எல்லாம் அங்கேயே இருந்தால்தான் வியாபாரி அந்தப் பக்கம் வருவார்.

வெங்காயம் கிண்டும் நேரத்தில் இந்திய வெங்காயம் நேரே இங்கே இறங்கினால் வலிகாமத்துத் தோட்டக்காரர் என்ன செய்வார் என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் அந்த வெங்காயம் இப்போதும் கொழும்பு வழியாக வந்துகொண்டுதானே இருக்கிறது? அறுவடைக் காலத்தில் இறக்குமதிப் பொருளுக்கான விசேட பண்ட வரியைக் கூட்டுவது அரசாங்கத்துக்குப் புதிதல்ல. அதை நேரத்துக்குச் செய்யச் சொல்லிக் கேட்போம். துறைமுகத்தைப் பூட்டி வைப்பதால் தோட்டக்காரருக்கு ஒரு சதமும் கூடக் கிடைக்கப்போவதில்லை. அவருடைய விளைச்சலும் கப்பலேறலாம் என்பதை ஏன் விடுகிறோம்?

இலங்கைத் துறைமுக அதிகார சபை 1979இல் அமைக்கப்பட்டது கொழும்புக்காக மட்டும் அல்ல. வேலை முடிந்ததும் எவ்வளவு பெரிய கப்பல் இங்கே வந்து நிற்கலாம், முதல் சரக்கு எந்த ஆண்டில் இறங்கும் என்பதைச் சபை எழுத்தில் அறிவிக்கவேண்டும். அதற்கு முன் யாழ்ப்பாணத்து வணிகர்களையும் தோட்டக்காரர்களையும் மயிலிட்டி மீனவர்களையும் கூப்பிட்டு ஒரு தடவை பேசட்டும், தமிழில்.

வாசகர்,
வலிகாமம் வடக்கு