ரேகை விழவில்லை

அன்புள்ள கல்யாணிக்கு,

ஒரு வாரத்தில் கருத்துச் சொல் என்று கட்டுரையை அனுப்பினாய். மூன்று வாரம் ஓடிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. நடுவில் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். பத்து நாள் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படிக்காதே என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

இப்போது எனக்கு இரண்டு வெள்ளை. இடது கண்ணால் பார்த்தால் சமையலறைச் சுவர் சொட்டு நீலம் போட்டுத் துவைத்த வேட்டி. வலது கண்ணால் பார்த்தால் அதே சுவர் பழைய பஞ்சாங்கத்தின் தாள். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியைத் தின்றுவிடும் என்று 31 வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். என் லென்ஸும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. தினமும் காலையில் கண்ணை மாற்றி மாற்றி மூடிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பால்காரர் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பாலை வைத்துவிட்டுப் போனார்.

கட்டுரைக்கு வருகிறேன். அரசின் இணையவழி மின்சேவைகளால் எவ்வளவு காகிதம் மிச்சம், எத்தனை பயணம் மிச்சம், எத்தனை மணி நேரம் மிச்சம் என்று நீ போட்டிருக்கும் கணக்கில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அம்மா போன பிறகு ஒரே ஒரு வாரிசுச் சான்றுக்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தவள் நான். ஏழாவது முறை போனபோது அங்கிருந்த பியூன் என்னைப் புதிதாகச் சேர்ந்த ஊழியர் என்று நினைத்துக்கொண்டு டீ வேண்டுமா என்று கேட்டார். போன வருடம் வீட்டுப் பத்திரத்துக்கு வில்லங்கச் சான்று தேவைப்பட்டது. ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே மடிக்கணினியில் எடுத்தேன். ஆகையால் மின்சேவை வேண்டாம் என்று சொல்லும் கட்சியில் என்னைச் சேர்க்காதே.

என் சண்டை உன் நான்காவது அட்டவணையோடுதான். அதில் 'தோல்வியுற்ற சரிபார்ப்பு' என்று ஒரு வரி. அதற்கு நேரே செலவு என்று போட்டிருப்பது கருவிக்கும் சர்வருக்கும் ஆகும் சில விநாடிகளை மட்டும். ஒரு முறை தோற்றால் மறுமுறை முயற்சி, அவ்வளவுதான் என்பது போல. எங்கள் தெருக்கோடியில் உள்ள ரேஷன் கடையில் போன மாதம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் அந்த விநாடிக் கணக்கு நிற்கிறதா என்று நீயே பார்.

எனக்கு முன்னால் நின்றவள் நடவு வேலைக்காரி. ஐம்பது வயது இருக்கும். கரை ஏறி நேராக வந்திருக்கிறாள். கணுக்காலில் சேறு காய்ந்து வெள்ளையாக வெடித்திருந்தது. ரேகைக் கருவியில் ஆள்காட்டி விரலை வைத்தாள். அதன் கண்ணாடிக்கு அடியில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. "ரேகை விழவில்லை, வேறு விரல் வையுங்கள்" என்றார் விற்பனையாளர். கட்டைவிரல், நடுவிரல், பிறகு இடது கை. ஒன்றும் விழவில்லை. அவர் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். வெயில் விழுகிறது என்று கருவியின் மேல் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்தார். அப்போதும் இல்லை. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. அவள் அசரவில்லை. வலது ஆள்காட்டி விரலை வகிட்டுப் பக்கத்தில் முடிக்குள் விட்டு இரண்டு தேய்ப்புத் தேய்த்தாள்; தேங்காய் எண்ணெய் வழிய வாரிய தலை. அந்த விரலை அப்படியே கண்ணாடியில் வைத்தாள். விழுந்துவிட்டது! அரிசிப் பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் செய்தது சுத்தமான ஒளியியல், கல்யாணி. நீ பொருளாதாரம் படித்தவள், உனக்கு இதை விளக்கியாக வேண்டும். விடுதியில் உனக்கு நான் பாடம் எடுத்தபோதெல்லாம் தூங்கிவிடுவாய். இந்த முறை தூங்காதே.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கையில் பிடித்துக்கொள். மேலேயிருந்து தண்ணீருக்குள் சாய்வாகப் பார். டம்ளரின் சுவர் வெள்ளித் தகடு போல மின்னும். வெளியே இருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் நீ பிடித்திருக்கும் இடத்தில் மட்டும் உன் விரல் ரேகை வரி வரியாகத் தெரியும். விரல் முழுவதும் தெரியாது, கண்ணாடியைத் தொடும் மேடுகள் மட்டும்தான். ஒவ்வொரு வருடமும் முதல் வாரத்தில் இந்த டம்ளரை வகுப்பில் சுற்றுக்கு விடுவேன். கடைசி பெஞ்சும் எழுந்து வந்து பார்க்கும் ஒரே சோதனை இது.

கண்ணாடிக்குள் போகும் ஒளி, எல்லையில் 42 டிகிரியைவிடச் சாய்ந்து விழுந்தால் காற்றுக்குள் தப்பிக்க முடியாமல் முழுவதுமாக உள்ளேயே திரும்பிவிடும். இதுதான் பள்ளிப் பாடத்தில் வரும் முழு அக எதிரொளிப்பு. ஆனால் திரும்புவதற்கு முன்னால் ஒளி எல்லையைத் தாண்டி ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தூரம் எட்டிப் பார்க்கிறது. அந்த எட்டும் தூரத்துக்குள் தோல் வந்து ஒட்டினால் ஒளி அதற்குள் கசிந்துவிடும். ரேஷன் கடைக் கருவிக்குள் இருக்கும் முப்பட்டகம் என்ற முக்கோணக் கண்ணாடியில் நடப்பதும் இதுவே. விரல் மேடு தொட்ட இடம் கறுப்பாகவும், பள்ளத்தில் காற்று இருக்கும் இடம் வெளிச்சமாகவும் கேமராவுக்குத் தெரிகிறது. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் சுமார் அரை மில்லிமீட்டர். கருவியின் ஒரு புள்ளி 0.05 மில்லிமீட்டர். நல்ல விரல் வந்தால் அருமையான படம் கிடைக்கும்.

நல்ல விரல் வர வேண்டுமே! காய்ந்து சொரசொரத்த விரல் கண்ணாடியைத் தொடுவது போல நமக்குத் தெரியும். உண்மையில் நடுவே மெல்லிய காற்று மாட்டிக்கொண்டிருக்கும். ஒளி கசிய வழி இல்லை, படம் வெளுத்துவிடும். ஈர விரலுக்கு நேர் எதிர் கதி. பள்ளத்திலும் தண்ணீர் நிரம்பிவிடும். காற்றுக்கு 42 ஆக இருந்த அந்த மாறுநிலைக் கோணம் தண்ணீருக்கு 62-க்கு மேல் போய்விடுகிறது. கருவிக்குள் 45 டிகிரியில் வரும் ஒளி எல்லா இடத்திலும் வெளியேற, முழு விரலும் ஒரே கறுப்புத் திட்டு. சேற்றில் நிற்கும் வரை ஈரம், கரை ஏறினால் வெடிப்பு. இரண்டுக்கும் நடுவில் கருவிக்குப் பிடித்த விரல் அவளுக்கு எந்நேரம் வாய்க்கும்? எண்ணெய் அந்த இடுக்குகளை அளவாக நிரப்பியது. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண் எண்ணெய்க்கு 1.45-ஐ ஒட்டியது, கண்ணாடியுடையது 1.5. கண்ணாடிக்கு அதைவிட நெருங்கிய சொந்தம் அந்தக் கடையில் வேறெதுவும் இல்லை. கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்திருந்தால் பள்ளமும் நிரம்பிப் படம் கெட்டிருக்கும். அளவு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை மாதம் தோற்றுக் கற்றாளோ.

நடவு மட்டுமா? பீடி சுற்றும் கை, உப்பளத்துக் கை, சிமெண்டு கலக்கும் கை எல்லாவற்றிலும் ரேகை தேய்கிறது. ரேகையின் வேர் தோலின் அடி அடுக்கில் இருப்பதால், கைக்குச் சில வாரம் ஓய்வு கொடுத்தால் திரும்ப வளர்ந்துவிடும். ஓய்வு கொடுக்க முடிந்த கைக்கு ரேஷன் அரிசி அவ்வளவு அவசரமாக இருக்காது.

என் கதையையும் கேள். போன வருடம் ஓய்வூதியத்துக்காக உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்கப் போனேன். மூன்று விரல் தோற்றது. "வயசாகிவிட்டது அம்மா, தேய்ந்துவிட்டது" என்றான் அந்தப் பையன். மாறுநிலைக் கோணத்தை 31 வருடம் கரும்பலகையில் வரைந்த விரல் அது. சாக்பீஸ்தான் தின்றதோ, வயதுதான் தின்றதோ! கைப்பையில் இருந்த முகக்களிம்பை எடுத்து நானும் தேய்த்தேன். நான்காவது விரலில் உயிர் வந்தது. இப்போது முகத்தைக் காட்டியே முடித்துக்கொள்ளலாமாம். 2021-லேயே வந்துவிட்ட வசதியை எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீ அனுப்பிய மற்ற இரண்டு ஆய்வுகளையும் படித்தேன். கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் சேர்ந்து செய்தவை. ஆந்திராவில் 157 மண்டலங்களில் பயோமெட்ரிக் ஸ்மார்ட் கார்டு கொடுத்தபோது நூறு நாள் வேலைக் கூலி சீக்கிரம் வந்தது, நடுவில் களவு போகும் கசிவும் குறைந்தது. எனக்குப் பிடித்தது வேறு: கூலி வாங்க வரும் ஆட்களின் நேரத்தையும் அவர்கள் காசாக்கிக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். மிச்சமான அந்த நேரத்தின் மதிப்பு மட்டுமே திட்டச் செலவுக்கு ஈடாகிவிட்டது. ஜார்க்கண்டில் ரேஷனுக்கு ஆதார் ரேகையைக் கட்டாயமாக்கியபோது கதை மாறிவிட்டது. ரேகை மட்டும் கசிவைக் குறைக்கவில்லை; வாங்க வருபவருக்கு அலைச்சல் கூடியது; ஆதாரை இணைக்காமல் இருந்த குடும்பங்களுக்குக் கிடைத்தது சராசரியாக 10 சதவீதம் குறைந்தது. அதே ஆட்கள், அதே தராசு. வரிசையில் நிற்பவரின் நேரத்தையும் தட்டில் வைத்துத்தான் நிறுத்தார்கள்; இரண்டு ஊருக்கும் இரண்டு விடை வந்தது. உன் அட்டவணையில் அந்தத் தட்டே இல்லை.

நம் தமிழ்நாட்டிலும் பார். 2017-இல் ஸ்மார்ட் ரேஷன் அட்டை வந்தபோது அதை ஸ்கேன் செய்தால் போதும். பக்கத்து வீட்டுப் பையனிடம் அட்டையைக் கொடுத்தனுப்பலாம். 2020 அக்டோபரில் ரேகை வந்த பிறகு ஆள் போக வேண்டும், விரலும் ஒத்துழைக்க வேண்டும். ரேகை விழாவிட்டால் அரிசி இல்லை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. எங்கள் விற்பனையாளர் நல்ல மனிதர், எப்படியாவது ஒரு வழி பார்ப்பார். ஆனால் நெட் இல்லாத நாளில் "நாளைக்கு வாருங்கள்" என்றுதான் அவரும் சொல்ல முடியும். அந்த நாளைக்கு என்பது அவளுக்கு அரை நாள் கூலி. நீ விநாடியில் எழுதிய வரி அது. அதை ரூபாயில் எழுது.

தீர்வு கேட்பாய். கருவிழிப் பதிவுக் கருவி ரேஷன் கடைகளுக்கும் வந்திருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு, காரணமும் ஒளிதான். நம்முடைய அடர்ந்த பழுப்புக் கண்ணில் சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மெலனின் என்ற கருநிறமி அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும். அகச்சிவப்புக்கு அருகில் உள்ள, நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் மெலனின் வழிவிடுகிறது. இழை இழையாகப் பின்னல் தெரியும். கேம்பிரிட்ஜில் ஜான் டாக்மன் 1990-களில் அந்தப் பின்னலை 2048 பிட்டாக மாற்றும் முறையைக் கண்டுபிடித்தார். கருவிழியை எந்தச் சேறும் தேய்க்காது. ஆனால் அந்த ஒளி வெயிலிலும் ஏராளம் இருப்பதால், வாசலில் வைத்து எடுத்தால் அதுவும் தடுமாறும். கடைக்குள் ஒரு நிழலான மூலை வேண்டும். இதைக் கொள்முதல் உத்தரவில் யாரும் எழுதமாட்டார்கள். நீ உன் கட்டுரையில் எழுது.

உன் கட்டுரையின் தெருவிளக்குப் பகுதி சரியாகவே இருக்கிறது. 60 வாட் குண்டு பல்பின் வேலையை 9 வாட் எல்.இ.டி. செய்கிறது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஒரு வரி மட்டும் சேர்: நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கக் கற்றதும் இங்கிலாந்து அதைக் கூடுதலாகத்தான் எரித்தது என்று 1865-லேயே பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் எழுதிவிட்டார். எதிர்வீட்டுக்காரர் எல்.இ.டி. மலிவு என்று மதில் முழுவதும் வரிசையாகப் பொருத்தி இரவெல்லாம் எரியவிடுகிறார். என் புதுக் கண்ணுக்கு அந்த நீல வெள்ளை ஊசியாகக் குத்துகிறது. மொட்டை மாடியில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மற்றபடி ஊரில் சேதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கொல்லையில் முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது. முழங்கால் வலி அப்படியேதான். வலது கண்ணுக்குத் தையில் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் நீ ஒரு நடை வந்தால் இரண்டு வெள்ளையையும் பற்றி உனக்கு நேரிலேயே பாடம் எடுப்பேன்.

டம்ளர் சோதனையை இன்றே செய்து பார். எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை என்று எழுதாதே, உன்னைத் தெரியும். முதலில் காய்ந்த விரல், பிறகு ஈர விரல், பிறகு எண்ணெய் தொட்டுத் துடைத்த விரல். எதில் எவ்வளவு ரேகை தெரிந்தது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
வசந்தா